கோல் போடாத ஆளுக்கு ஏன் இவ்வளவு கைதட்டல்?

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம், மனசுக்குள்ளயே போடுங்க. உலகத்துல உங்களுக்குத் தெரிஞ்ச அஞ்சு ஸ்ட்ரைக்கர் பேரைச் சொல்லுங்க. முடிஞ்சுதா? இப்போ அஞ்சு லெஃப்ட் பேக் பேரைச் சொல்லுங்க.

ரெண்டாவது பேர்லயே நின்னுட்டீங்களா? கவலைப்படாதீங்க. எங்க ஹாஸ்டல்ல கேட்டுப் பார்த்தேன், எல்லா ரூம்லயும் இதே நிலைமைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிற ஆளுங்களே மூணு பேரைத் தாண்டல.

ஆனா ஜப்பான்ல ஒரு லெஃப்ட் பேக் இருக்கார். உயரம் 170 செ.மீ. தான், நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் அந்த உயரம் இருப்போம். நாட்டுக்காக 140 மேட்சுக்கு மேல ஆடியிருக்கார், ஆனா அதுல அவர் போட்ட கோலை விரல் விட்டு எண்ணிடலாம். அப்படியும் ஜப்பான்ல ஃபுட்பால் பார்க்காத வீட்டுப் பாட்டிக்குக்கூட அவர் பேரு தெரியும். பேரு யூடோ நாகடோமோ.

கோல் போடறவன் பாப்புலர் ஆகறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. கோல் விழாம பார்த்துக்கறவன் எப்படி பாப்புலர் ஆகறான்? இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். ஜப்பான்ல ஆரம்பிச்சு கொச்சி, சென்னை வழியா நம்ம கிரவுண்டுக்கே வந்து சேருவோம்.

சுவரை யாரும் செல்ஃபி எடுக்கறதில்ல

முதல்ல, டிஃபெண்டரை ஏன் யாரும் கவனிக்கறதில்ல?

சேலத்துலேர்ந்து ஏற்காடு ஏறியிருப்பீங்க. 20 ஹேர்பின் பெண்டு. ஒவ்வொரு பெண்டுலயும் நிறுத்தி போட்டோ எடுப்போம், பின்னாடி சேலம் டவுன் முழுக்கத் தெரியும். நாம நிக்கிற ரோடைத் தாங்கிப் பிடிச்சிருக்கிற தடுப்புச் சுவரை யாராவது போட்டோ எடுத்திருக்கோமா? சிவில் பசங்களைத் தவிர யாரும் அதைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. பின்னாடி இருக்கிற மண்ணோட அழுத்தத்தை அது தாங்கணும், மழைத் தண்ணி தேங்காம வடிய விடணும், வருஷக்கணக்கா அசையாம நிக்கணும். அதெல்லாம் ஒழுங்கா நடந்தா ரிசல்ட் என்ன? ஒண்ணுமே நடக்காது. பஸ் போகும், வரும். ஐப்பசி மழையில ஒரு இடத்துல மண் சரிஞ்சாதான் எல்லாரும் கேப்போம்: "சுவரு என்னாச்சு?"

டிஃபெண்டர் வேலையும் இதேதான். அவர் சாதிச்சதெல்லாம் "நடக்காம போன" விஷயங்கள். நடக்காததை ஸ்கோர்போர்டுல எழுத முடியாது. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. நல்ல டிஃபெண்டர் அடிக்கடி டாக்கிள் போட மாட்டார். சரியான இடத்துல முன்னாடியே நின்னுட்டா, எதிரணி அந்தப் பக்கம் பாஸே போடாது. அப்போ டாக்கிள் எண்ணிக்கையும் குறையும், ஹைலைட்ஸ்ல அவர் முகமும் வராது. எவ்வளவு நல்லா ஆடறாரோ அவ்வளவு கண்ணுல படாம போவார்.

இதுக்கு மேல டிவி வேற. கேமரா பந்தைத்தான் துரத்தும். பந்து இல்லாத இடத்துல நாலு பேர் ஒரே கோட்டுல ஏறி இறங்கறது நமக்குத் தெரியவே தெரியாது.

அப்போ ஒரு டிஃபெண்டர் மக்கள் மனசுல இடம் பிடிக்கணும்னா, நடக்காததை அவங்க கண்ணால பார்க்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு நடக்கணும். நாகடோமோ வாழ்க்கையில அது படிப்படியா நடந்துச்சு.

மேளம் அடிச்ச பையன்

நாகடோமோ 1986-ல எஹிமே மாகாணத்துல பிறந்தார். நேரா ஒரு பெரிய கிளப் அகாடமிக்குப் போன ஆள் இல்ல. நம்மள மாதிரி காலேஜ் ஸ்டூடண்ட், மெய்ஜி யுனிவர்சிட்டி. அங்கே முதுகுல டிஸ்க் பிரச்சினை வந்து ஆட முடியாம போச்சு. அந்த நாட்கள்ல அவர் கேலரியில நின்னு டீமுக்காக மேளம் அடிச்சார். மேளத்தையும் ரொம்ப நல்லா அடிச்சார்னு இன்னைக்கும் ஜப்பான்ல சொல்லிச் சிரிப்பாங்க. உடம்பு தேறி வந்து, 2008-ல எஃப்சி டோக்கியோவுல ப்ரோ ஆனார்.

இந்தக் கதை முக்கியம். ஸ்டாண்ட்ல நின்னு கத்தறவனுக்கும் கிரவுண்டுல ஓடறவனுக்கும் நடுவுல ஒரு வேலி இருக்கும்ல? அந்த வேலியோட ரெண்டு பக்கமும் நின்ன ஆள் அவர். ரசிகர்கள் அவரைத் தங்கள்ல ஒருத்தரா பார்த்தாங்க.

அடுத்தது, 2010 ஜூன் 14. சவுத் ஆஃப்ரிக்கா உலகக் கோப்பை. ஜப்பானுக்கு முதல் மேட்ச் கேமரூனோட. அந்த டீம்ல சாமுவேல் எட்டோ. அந்த சீசன்லதான் இன்டர் மிலான் கூட சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சுட்டு வந்திருந்தார். அவர் வலது பக்கம் ஆடினார், அவரைப் பார்த்துக்க வேண்டிய ஆள் நாகடோமோ. ஜப்பான் 1-0 ஜெயிச்சுது. கோல் போட்டது ஹோண்டா. ஆனா "எட்டோவை நிறுத்தினது யாரு?"ங்கிற கேள்வியும் கூடவே கிளம்புச்சு.

இங்கேதான் முதல் பாயிண்ட். "90 நிமிஷம் நல்லா டிஃபெண்ட் பண்ணினார்"னு சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது. "எட்டோவை நிறுத்தினார்"னு சொன்னா பத்து வருஷம் ஆனாலும் மறக்காது. நடக்காத கோலுக்கு இப்போ ஒரு முகம் கிடைச்சாச்சு.

2011 ஜனவரி 29, தோஹா. ஆசியக் கோப்பை ஃபைனல், ஆஸ்திரேலியாவோட. எக்ஸ்ட்ரா டைம்ல, 109-வது நிமிஷம். அவ்வளவு நேரம் ஓடின பிறகும் இடது பக்கம் ஏறிப் போய் ஒரு கிராஸ் போட்டார் நாகடோமோ. தடனாரி லீ அதை வாலியா அடிச்சார். 1-0, கப் ஜப்பானுக்கு. ரெண்டு நாள்ல, ஜனவரி 31 அன்னைக்கு, இன்டர் மிலான் அவரைக் கூட்டிட்டுப் போச்சு. உலகக் கோப்பையில அவர் மார்க் பண்ணின எட்டோவே இப்போ டீம்மேட்.

ஒரு குனிவு, ஒரு சட்டை

மிலான்ல அவரைப் பிரபலமாக்கினது ஒரு வணக்கம். கோல் விழுந்ததும் நாகடோமோவும் கேப்டன் ஹாவியர் சானெட்டியும் எதிரெதிரா நின்னு, ஜப்பான் முறைப்படி இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணங்கிக்குவாங்க. அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர், ஜப்பான்காரர் ஒருத்தர், பார்த்துக் கைதட்டறது இத்தாலிக்காரங்க. மூணு நாட்டுலயும் அந்த போட்டோ ஓடுச்சு. விளையாட்டுத்தனமா பண்ணினதுதான், ஆனா புது ஊருக்குத் தன் ஊர் வழக்கத்தைக் கூச்சப்படாம கொண்டு போன ஆள்னு ஜப்பான்ல பெருமைப்பட்டாங்க.

அதே நேரத்துல ஜெர்மனியில இன்னொரு ஜப்பான் டிஃபெண்டர் இருந்தார். அட்சுடோ உச்சிடா, ஷால்கே கிளப்போட ரைட் பேக். கெல்சன்கிர்ஷன், ஒரு காலத்துல நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் ஊர். அங்கே ரசிகர்கள் அவரைச் செல்லமா "உஷி"ன்னு கூப்பிட்டாங்க.

2011 மார்ச் 11, ஜப்பான்ல பூகம்பமும் சுனாமியும். 2004 டிசம்பரை நம்ம கடலோர ஊர்கள் மறக்கலங்கறதால அது எப்படிப்பட்ட நாள்னு நமக்கு விளக்க வேண்டியதில்ல. மறுநாள் ஷால்கேவுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டோட மேட்ச். உச்சிடா ஆடினார், டீம் 2-1 ஜெயிச்சுது. முடிஞ்சதும் ஒரு சட்டையைக் காட்டினார். அதுல ஜப்பானியத்துலயும் ஜெர்மன்லயும் கையால எழுதியிருந்தார்: ஒரு உயிராவது கூடுதலா பிழைக்கணும், எல்லாரும் சேர்ந்து வாழ்வோம்ங்கிற அர்த்தத்துல. அந்த நாள்லேர்ந்து அவரைச் சுரங்க ஊர்க்காரங்க வெளியூர் ஆளா பார்க்கல. 2017 வரைக்கும் அங்கே இருந்தார். முழங்கால் காயத்தால நீண்ட காலம் ஆட முடியாம இருந்தப்பவும் ரசிகர்கள் அவரை விடல.

ரெண்டு பேர் கதையிலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. நாகடோமோ இன்டர்ல ஏழு வருஷம், உச்சிடா ஷால்கேவுல ஏழு வருஷம். ஸ்ட்ரைக்கர் ஒரு சீசன்ல ஹீரோ ஆகிடலாம். டிஃபெண்டர் மேல வர்றது நம்பிக்கை. அது மெதுவாத்தான் வரும், ஆள் அங்கேயே நிக்கணும்.

நாகடோமோ நாலு உலகக் கோப்பை ஆடினார்: 2010, 2014, 2018, 2022. கடைசியா கத்தார்ல வந்தப்போ வயசு 36. ஜெர்மனியை ஜப்பான் 2-1 ஜெயிச்ச அன்னைக்கு, மைக் முன்னாடி நின்னு "ப்ராவோ!"ன்னு அவர் கத்தின கத்து ஜப்பான் முழுக்கப் பரவிடுச்சு. அந்த மேட்ச்ல அவர் முழு நேரம்கூட ஆடல. ஆனா டீம்ல நிறைய பசங்க அவர் ஆடறதைப் பார்த்து வளர்ந்தவங்க. அந்த உற்சாகத்தை அவர்கிட்டேர்ந்துதான் நாடே எதிர்பார்த்துச்சு.

நம்ம ஊர்ல?

"ஜப்பான் கதை சரி, இந்தியாவுல டிஃபெண்டரை யார் கொண்டாடறாங்க?"ன்னு நீங்க கேக்கலாம். பழைய கதையிலேர்ந்து பார்த்தா, நாமதான் அதுல முன்னோடி.

மோகன் பகானுக்கு ஆடின கோஷ்டோ பால்ங்கிற ஃபுல் பேக்குக்கு, வெறுங்காலோட ஆடின அந்தக் காலத்துலயே "சீனப் பெருஞ்சுவர்"னு பட்டப்பேரு. பாருங்க, அங்கேயும் சுவர்தான். 1962-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. அந்த விருது வாங்கின முதல் ஃபுட்பால் வீரர் ஒரு டிஃபெண்டர். கொல்கத்தாவுல அவருக்குச் சிலை இருக்கு, அவர் பேர்ல சாலை இருக்கு.

அதே 1962-ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. "மைதான்" படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். க்ரூப் மேட்ச்ல நாம ஜப்பானை 2-0 ஜெயிச்சோம். ஆமா, ஜப்பானைத்தான்! தலையில அடிபட்டுத் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை, கோச் ரஹீம் செமி ஃபைனல்லயும் ஃபைனல்லயும் ஃபார்வர்டா இறக்கினார். ரெண்டுலயும் கோல் போட்டார். ஃபைனல்ல சவுத் கொரியாவை 2-1 ஜெயிச்சு தங்கம்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ஹாஸ்டல்ல மலையாளி நண்பர்கள் இருந்தா, மஞ்சள் ஜெர்சியில 21-ம் நம்பரைப் பார்த்திருப்பீங்க. அது சந்தேஷ் ஜிங்கனோட நம்பர். சண்டிகர் பையன், சென்டர் பேக். 2014-ல ஐஎஸ்எல் தொடங்கின வருஷமே கேரளா பிளாஸ்டர்ஸ்ல சேர்ந்தார். மலையாளம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா தலையைக் குடுத்து பந்தை நிறுத்தற ஆளை கொச்சி ஸ்டேடியம் தன் பையனாவே எடுத்துக்கிச்சு. அவர் இருந்த காலத்துல ரெண்டு தடவை ஃபைனல் போய் ரெண்டு தடவையும் தோத்த டீம் அது. ஒரு கப்புகூட இல்ல. அப்படியும் 2020 மே மாசம் அவர் கிளம்பினப்போ, 21-ம் நம்பருக்கே கிளப் ஓய்வு குடுத்துச்சு. கடைசி சீசன் முழுக்க முழங்கால் காயத்தால அவர் ஆடவே இல்லங்கறதையும் சேர்த்துப் பாருங்க.

இந்தியா முழுக்க அவரைத் தெரிய வெச்சது 2019 செப்டம்பர் 10. தோஹாவுல கத்தாரோட உலகக் கோப்பை தகுதி ஆட்டம். அந்த வருஷம் பிப்ரவரியிலதான் ஆசியக் கோப்பை ஃபைனல்ல ஜப்பானை 3-1 அடிச்சிருந்தாங்க கத்தார்காரங்க. தோத்த அந்த டீம்ல நாகடோமோவும் இருந்தார். நமக்கோ சேத்ரி காய்ச்சல்ல படுத்துட்டார். கோல் போட ஆளே இல்லாத மேட்ச். கோலி குர்பிரீத் கேப்டன், முன்னாடி ஜிங்கனும் ஆதில் கானும். கத்தார் அடிச்சுட்டே இருந்தாங்க, பந்து உள்ளே போகவே இல்ல. 0-0. நம்ம தலைமுறை ரொம்பப் பேசின இந்திய மேட்ச்கள்ல இதுவும் ஒண்ணு. அதுல ஒரு கோல்கூட இல்ல!

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேற மாதிரி. 2018 மார்ச் 17, பெங்களூரு. ஐஎஸ்எல் ஃபைனல்ல சென்னையின் எஃப்சி 3-2 ஜெயிச்சுது. அதுல ரெண்டு கோல் பிரேசில் டிஃபெண்டர் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால முட்டினது. ஊரே அவர் பேரைக் கத்துச்சு. நல்லதுதான். ஆனா சீசன் முழுக்க அவர் தடுத்ததுக்கு யாரு கத்தினாங்க? அவர் பேரு வெளியில வர ரெண்டு கோல் தேவைப்பட்டுச்சு. இந்த விஷயத்துல நாம இன்னும் கொச்சி அளவுக்கு வரல.

சுவர்ல விழுந்த விரிசல்

ஜிங்கன் கதை அங்கேயே முடிஞ்சிருந்தா அழகா இருந்திருக்கும். முடியல.

2022 பிப்ரவரியில அவர் ஏடிகே மோகன் பகான் பக்கம். பழைய டீமான பிளாஸ்டர்ஸோட மேட்ச் 2-2 டிரா. முடிஞ்சு வெளியே வரும்போது, பொம்பளைங்களோட ஆடிட்டு வந்த மாதிரின்னு ஹிந்தியில ஒரு வார்த்தை விட்டார். வீடியோவுல பதிவாகிடுச்சு. ஒரே ராத்திரியில பரவிடுச்சு. மன்னிப்பு கேட்டார். ஆனா அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தின அதே ரசிகர்கள்தான் 21-ஐ வேற யாருக்காவது திரும்பக் குடுங்கன்னு கேட்டாங்க.

ஏன் இவ்வளவு கோபம்? ஸ்ட்ரைக்கர் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் தப்புதான். ஆனா அவர்கிட்ட கோல் கணக்கு மிச்சம் இருக்கும், அதைக் காட்டி வாதாட நாலு பேர் வருவாங்க. டிஃபெண்டர்கிட்ட அப்படி ஒரு கணக்கு இல்ல. அவர் பாப்புலாரிட்டி முழுக்க "இந்த ஆள் நம்ம பக்கம் நிப்பான்"ங்கிற நம்பிக்கைதான். அந்த மஞ்சள் கூட்டத்துல பெண்களும் இருந்தாங்க. அவங்க பக்கம் அன்னைக்கு அவர் நிக்கல.

அந்த வார்த்தைக்குப் பதில் பதினோரு வருஷம் முன்னாடியே ஒரு ஜப்பான் டிஃபெண்டர் சொல்லிட்டாங்க. சாகி குமகாய். 2011 ஜூலை 17, ஃபிராங்க்ஃபர்ட், பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல். சுனாமி வந்து நாலு மாசம். அமெரிக்காவோட 2-2, பெனால்டி ஷூட்அவுட். கடைசி கிக் அடிக்க வந்தது 20 வயசு சென்டர் பேக். நம்மளைவிடச் சின்னப் பொண்ணு. மேல் மூலையில அடிச்சாங்க. ஜப்பான் உலக சாம்பியன். அப்புறம் லியோன் கிளப்புக்குப் போய் 2016 முதல் 2020 வரை வரிசையா அஞ்சு சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாங்க. பெண்களோட ஆடறதுன்னா என்னன்னு யாராவது கேட்டா இந்தப் பேரைச் சொல்லுங்க.

ஏற்காட்டுலேர்ந்து பார்த்தா

நான் ஏற்காட்டு ஆள். அங்கே ஃபுட்பால் ஆடறதுல ஒரு தனித் தொல்லை உண்டு. பேக் ஒருத்தன் பந்தைத் தவற விட்டா அது சும்மா வெளியே போகாது. சரிவுல உருண்டு காபிச் செடிக்குள்ள போயிடும், போய்த் தேடி எடுத்துட்டு வரணும். அதனால எங்க பசங்க நல்ல பேக்கோட அருமை தெரிஞ்சவங்க, மேகம் இறங்கி எதிர் கோல்போஸ்ட்டே தெரியாத சாயங்காலத்துல இன்னும் அதிகமா!

ஒரு வசதியும் இருக்கு. கிரவுண்டுக்கு மேல சரிவுல, சில்வர் ஓக் மரத்தடியில உக்காந்தா முழு மைதானமும் கீழே தெரியும். டிவி காட்டாதது அங்கேதான் தெரியும். நாலு பேக்கும் ஒரே கயித்துல கட்டின மாதிரி நகர்றது தெரியும். ஒருத்தன் முன்னாடி போனா பக்கத்துல இருக்கிறவன் அந்த இடத்தை மூடறது தெரியும்.

நம்ம காலேஜ் கிரவுண்டுக்கு மலை கிடையாது, ஆனா மொட்டை மாடி இருக்கு. அடுத்த ஸோனல்ஸ் மேட்ச்ல இதைச் செஞ்சு பாருங்க. பத்தே பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீங்க. நம்ம டீம் லெஃப்ட் பேக்கை மட்டும் பாருங்க. அவன் எங்கே நிக்கறான், யாரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறான், யாருக்குக் கத்தறான், அவன் நின்னதால எந்த பாஸ் போகாம போச்சு. நம்ம கேர்ள்ஸ் டீம் ஆடும்போதும் இதே மாதிரி போய் நில்லுங்க. அவங்க மேட்சுக்கு மாடியில இடம் தாராளமாவே கிடைக்கும், அதுதான் வருத்தம்.

நாகடோமோவுக்கு எட்டோ வந்தார், ஜிங்கனுக்கு கத்தார் வந்துச்சு. நம்ம பேக்குக்கு எட்டோ வர மாட்டார். அவன் தடுத்ததைப் பார்க்கறதுக்கு நாமதான் இருக்கோம். ப்ராஜெக்ட் டீம்ல ராத்திரி உக்காந்து டெஸ்டிங் பண்ணினவனுக்கு ரிவ்யூல பேரு வராம போற மாதிரி, இவனும் நாலு வருஷம் பேரில்லாமலே முடிச்சுட்டுப் போயிடுவான்.

பத்து நிமிஷம் முடிஞ்சதும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட அவன் பேரு என்னன்னு கேளுங்க. தெரிஞ்சுதுன்னா ஒரு தடவை சத்தமா கூப்பிடுங்க. கோல் எதுவும் விழாத நேரத்துல.